பக்கத்து ஊர் தீயணைப்புப் படையின் அலைவரிசையில் பேச என்னென்ன காகிதம் வேண்டும்?

எங்கள் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவில் சேர்ந்த மூன்றாம் மாதம், ரேடியோ அலமாரியின் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். இந்தியர் என்றால் கம்ப்யூட்டர் தெரியும், கம்ப்யூட்டர் தெரிந்தால் ரேடியோவும் தெரியும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அலமாரியில் பதினெட்டு வாக்கி டாக்கிகளும் ஒரு பழுப்பு உறையும் இருந்தன. உறைக்குள் ஒரே ஒரு தாள். பக்கத்து ஊர் தீயணைப்புப் படையின் முன்னாள் சீஃப் என்றைக்கோ அனுப்பிய மின்னஞ்சலை யாரோ அச்செடுத்து வைத்திருந்தார்கள். "எங்கள் சேனலைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி. கையெழுத்து இல்லை, உரிமத்தின் அடையாளமான அழைப்புக் குறி இல்லை, எத்தனை ரேடியோ என்ற எண்ணிக்கையும் இல்லை. அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்கள் குழு ஆண்டுக்கணக்காக அந்த அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தது.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார் என் தாத்தா. அந்த உறையை நேராக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. அமெரிக்காவில் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மீட்புக் குழுக்களில் தன்னார்வலராகச் சேர்ந்து, இதே போன்ற சாவி கைக்கு வந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே சொல்வது எல்லாம் அமெரிக்க விதிகள். மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதித்தொகுப்பில் 90ஆம் பகுதி என்று ஒன்று இருக்கிறது. காவல், தீயணைப்பு, மருத்துவ அவசர உதவி ஆகிய எல்லாருடைய தரைவழி ரேடியோவும் அதற்குள்தான் அடங்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கேட்பதற்கு எஃப்.சி.சி. உரிமம் வேண்டியதில்லை. சில மாநிலங்களில் காரில் ஸ்கேனர் வைத்திருப்பதற்குத் தனிச் சட்டம் உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காகிதம் எல்லாம் பேசுவதற்குத்தான். உங்கள் குழுவில் அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அந்த உரிமத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

உரிமம் யார் பெயரில் இருக்கிறது?

சீஃபிடம் போவதற்கு முன்னால் எஃப்.சி.சி.யின் யூ.எல்.எஸ். என்ற இணையப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அழைப்புக் குறி தெரிந்தால் அதைக் கொண்டு தேடலாம், இல்லையென்றால் ஊர்ப் பெயரையும் அலைவரிசையையும் வைத்துத் தேடலாம். பொதுப் பாதுகாப்புத் தொகுதியில் சாதாரண வகை உரிமங்களுக்குப் 'பி.டபிள்யூ.' என்றும், பல சேனல்களைக் கணினியே பிரித்துக் கொடுக்கும் டிரங்க்கிங் முறையில் இயங்குபவற்றுக்கு 'ஒய்.டபிள்யூ.' என்றும் சேவைக் குறியீடு இருக்கும். 'ஐ.ஜி.' என்று கண்ணில் பட்டால் அது தொழில், வணிகத் தொகுதி. அதன் கதை வேறு.

உரிமப் பக்கம் திறந்ததும் எல்லோரும் அலைவரிசைப் பட்டியலுக்குத்தான் ஓடுவார்கள். நானும் அப்படித்தான் ஓடினேன். நிதானமாகப் பார்க்க வேண்டியது உரிமக்காரர் பெயரை. எங்கள் விஷயத்தில் அங்கே தீயணைப்புப் படையின் பெயரே இல்லை, கவுண்டி நிர்வாகத்தின் பெயர் இருந்தது. அதாவது, 'தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்ற சீஃபுக்கு அதைச் சொல்லும் அதிகாரமே இருந்ததில்லை. பெரிய மனது அவருக்கு, வீடு வேறொருவருக்கு.

அடுத்து, உரிமம் முடியும் தேதி. இந்த உரிமங்கள் 10 ஆண்டுகளுக்குத் தரப்படுகின்றன. அதன் பிறகு நிலைய வகைகள். 'எஃப்.பி.2' என்றால் ரிப்பீட்டர் (வரும் பேச்சை வாங்கி வலுவாகத் திரும்ப அனுப்பும் நிலையம்), 'எஃப்.எக்ஸ்.1' என்றால் கட்டுப்பாட்டு நிலையம், 'எம்.ஓ.' என்றால் வண்டியிலும் கையிலும் இருக்கும் ரேடியோக்கள். எம்.ஓ. வரிக்கு நேரே ஓர் எண் இருக்கும். 60 என்று போட்டிருந்தால், அந்த உரிமத்தின் கீழ் 60 நடமாடும் ரேடியோக்கள் என்று பொருள். அவர்களிடமே 58 இருந்து, நீங்கள் பதினெட்டோடு போய் நின்றால், பகிர்வுக்கு முன்னால் உரிமத்தைத் திருத்துவது பற்றிப் பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சை உரிமக்காரர்தான் தொடங்க வேண்டும்.

கடைசியாக உமிழ்வுக் குறியீடு, அதாவது அலை எவ்வளவு அகலம், எந்த வகை என்று சொல்லும் குறி. '11கே2எஃப்3இ' என்பது 11.2 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள குறும்பட்டைக் குரல். '20கே0எஃப்3இ' என்பது பழைய அகலப்பட்டை. 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 421 முதல் 470 வரையிலும் இருந்த எல்லாரும் 2013 ஜனவரி 1க்குள் குறும்பட்டைக்கு மாற வேண்டியிருந்தது. உங்கள் உறையில் இருக்கும் கடிதம் 20கே0 என்று சொன்னால், அது அதற்கு முந்தைய காலத்துக் கடிதம். பழம்பொருளாக வைத்துக்கொள்ளலாம்.

ஒண்டுக்குடித்தனமா, சொந்த வீடா?

இனி வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, அடுத்தவர் உரிமத்தின் கீழேயே பேசுவது. இன்னொன்று, அதே அலைவரிசையில் உங்கள் நடமாடும் ரேடியோக்களுக்கு உங்கள் பெயரிலேயே உரிமம் வாங்குவது. முதலாவது ஒண்டுக்குடித்தனம். செலவு குறைவு, சீக்கிரம் குடியேறலாம், ஆனால் குழாயடி வீட்டுக்காரருடையது. இரண்டாவதில் அலைச்சல் உண்டு, பத்திரம் உங்கள் பெயரில் இருக்கும்.

பக்கத்து ஊருக்கு எப்போதாவது உதவிக்குப் போகும் சிறு குழுவுக்கு முதல் வழி போதும். வாரத்தில் பாதி நாள் அதே ரிப்பீட்டரில்தான் பேசப் போகிறீர்கள் என்றால் இரண்டாவதற்குப் போங்கள். இது என் கட்சி. எங்கள் குழுவின் தலைவர் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாவதாக ஒரு சந்தும் இருக்கிறது. விதி 90.421 சொல்வது இது: அவசர காலத்தில் உரிமக்காரரோடு ஒத்துழைக்க வேண்டியிருக்கும் வண்டியில், அவருடைய உரிமத்தைச் சேர்ந்த ரேடியோவைப் பொருத்தலாம். அவருடைய அலுவல் பணியை ஒப்பந்தத்தில் செய்யும் வண்டியிலும் பொருத்தலாம். தீயணைப்புப் படை தன் ரேடியோக்களில் இரண்டை உங்கள் ஆம்புலன்ஸில் வைப்பது இந்த வகை. 'அவர்களோடும் பேச முடிந்தால் வசதியாக இருக்குமே' என்பதற்காக அவசரப் பணியில் இல்லாத வண்டிகளில் பொருத்த முடியாது என்று அதே விதி தெளிவாகச் சொல்கிறது. இழுவை லாரிக்காரர் வந்து கேட்டால் இந்த வரியைக் காட்டுங்கள்.

உங்களுக்குத் தகுதி உண்டா?

எந்த வழியில் போனாலும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. ஓர் அலைவரிசைக்குத் தனியாக விண்ணப்பித்தால் உங்களுக்கு உரிமம் கிடைக்கும் தகுதி இருக்க வேண்டும். இருந்தால்தான் அதில் அடுத்தவரோடு பகிர்ந்துகொள்ளவும் முடியும். விதி 90.179இன் முதல் நிபந்தனையே இதுதான். மாநிலம், கவுண்டி, நகரம் போன்ற அரசு அமைப்புகளுக்குத் தகுதி இயல்பாகவே உண்டு. எங்களைப் போல லாபநோக்கற்ற சங்கமாகப் பதிவுசெய்த குழுக்கள் ஒரு தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும். தீயணைப்புப் பணி என்றால், அந்தப் பகுதியின் மேல் சட்ட அதிகாரம் உள்ள அரசு அமைப்பு ஆதரித்து எழுதிய கடிதம். ஆம்புலன்ஸ் என்றால், மாநிலத்தின் அவசர மருத்துவத் திட்டத்துக்குப் பொறுப்பான அமைப்பின் கடிதம்.

இந்தக் கடிதத்தை முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் விடுமுறையில் இருந்தார், திரும்பி வந்ததும் வேறு பதவிக்குப் போய்விட்டார்.

பகிர்வு ஒப்பந்தத்தை எழுதுவது

ஒண்டுக்குடித்தனத்துக்கான பத்திரம் இது. நிலையத்தை லாபமில்லாமல் செலவைப் பகிர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால், உரிமக்காரரும் பகிர்பவர் ஒவ்வொருவரும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று 90.179 கேட்கிறது. அதில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: இயக்கும் முறை என்ன, அமைப்பின் எந்தெந்தப் பாகங்கள் பகிர்வில் அடங்கும், செலவை எப்படிப் பிரிப்பது, பகிரும் டிரான்ஸ்மிட்டர் முழுவதும் உரிமக்காரரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்ற ஒப்புதல்.

நாலே நாலு. ஆனாலும் என் கையில் வந்த மாதிரிப் படிவங்கள் பலவற்றில் மூன்றாவதும் நான்காவதும் இல்லை. 'செலவு எதுவும் இல்லை, பிறகு எதற்கு எழுத வேண்டும்?' என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். செலவு இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். எங்கள் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் நான் மிகவும் மல்லுக்கட்டிய இரண்டு பத்திகளின் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"பகிரப்படுவது வடக்குக் கோபுரத்து ரிப்பீட்டர் மட்டும். ஆம்புலன்ஸ் குழுவின் 18 கையடக்க ரேடியோக்களும், இணைப்பில் வரிசை எண் தரப்பட்ட 3 வண்டி ரேடியோக்களும் இதில் பேசலாம். மின்சாரம், கோபுர வாடகை, பராமரிப்பு ஆகியவற்றை உரிமக்காரரே ஏற்கிறார். ஆம்புலன்ஸ் குழு தன் ரேடியோக்களின் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும்."

"இந்த நிலையத்தின் எல்லா ஒலிபரப்பும் உரிமக்காரரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. நிறுத்தும்படி உரிமக்காரர் சொன்னால் ஆம்புலன்ஸ் குழு அக்கணமே நிறுத்தும். காரணத்தைப் பிறகு கேட்கும்."

'காரணத்தைப் பிறகு கேட்கும்' என்பது கவுண்டி வழக்கறிஞர் சேர்க்கச் சொன்னது. எனக்கு முதலில் பிடிக்கவில்லை. விதியைத் திரும்பப் படித்தபோது அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. நீங்கள் அந்த அலைவரிசையில் தப்பாக எதையாவது பேசினால், எஃப்.சி.சி. கேள்வி கேட்கப்போவது உரிமக்காரரைத்தான். நிலையத்தை உரியவர்கள் உரிய காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு அவர் தலையில் இருக்கிறது.

விதி கேட்காவிட்டாலும் இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அழைப்புக் குறி, ஒவ்வொரு அலைவரிசையும், ரிப்பீட்டரைத் திறக்கும் 'டோன்' என்ற ஒலிக் குறியும், உரிமம் முடியும் தேதி, ரேடியோ தொலைந்தால் யாருக்கு எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது. கையெழுத்துப் போடுபவர் உரிமத்தில் பெயருள்ள அமைப்பின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். கவுண்டி என்றால் பெரும்பாலும் அவர்கள் மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருக்கும், அது மாதக் கூட்டத்தில்தான் வரும். நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு பேசுங்கள்.

இந்த ஒப்பந்தத்தை எஃப்.சி.சி.க்கு அனுப்ப வேண்டியதில்லை. நிலையப் பதிவேடுகளோடு வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும். உரிமக்காரரிடம் ஒரு மூலப் பிரதி, உங்களிடம் ஒன்று.

உங்கள் பெயரில் உரிமம் வாங்குவதானால்

முதலில் எஃப்.சி.சி.யின் கோர்ஸ் என்ற பதிவுத் தளத்தில் சங்கத்தின் பெயரில் எஃப்.ஆர்.என். என்ற 10 இலக்கப் பதிவு எண் வாங்க வேண்டும். தனி ஆள் பெயரில் வாங்கிவிடாதீர்கள். அந்த ஆள் ஊர் மாறிப் போனதும் கடவுச்சொல்லும் கூடவே போய்விடும்.

பிறகு உரிமக்காரரிடமிருந்து இசைவுக் கடிதம். 'இன்ன அழைப்புக் குறியின் கீழ் எங்களுக்குள்ள இன்ன அலைவரிசைகளில், இன்ன குழு இத்தனை நடமாடும் ரேடியோக்களுக்கு உரிமம் பெறுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்று அவர்கள் எழுதித் தர வேண்டும்.

அடுத்தது அலைவரிசை ஒருங்கிணைப்பாளர். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. விண்ணப்பத்தை நேரே எஃப்.சி.சி.யில் போட்டுவிடலாம் என்று நினைப்பார்கள். பொதுப் பாதுகாப்பு அலைவரிசை என்றால், எஃப்.சி.சி. அங்கீகரித்த ஒருங்கிணைப்பாளரின் பரிந்துரையோடுதான் பெரும்பாலான விண்ணப்பங்கள் போக வேண்டும். காவல் துறையினரிடையே வளர்ந்த ஆப்கோ, தீயணைப்புப் படைகளுக்கான ஐ.எம்.எஸ்.ஏ.யும் ஐ.ஏ.எஃப்.சி.யும் சேர்ந்த அமைப்பு, நெடுஞ்சாலைத் துறைகளின் ஆஷ்டோ, வனத்துறையினரின் எஃப்.சி.சி.ஏ. ஆகியவை அந்த வேலையைச் செய்துவந்தவை. விதி 90.20இல் உள்ள அலைவரிசைப் பட்டியலில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே இரண்டெழுத்துக் குறி இருக்கும். 'பி.எஃப்.' என்றால் தீயணைப்பு, 'பி.எம்.' மருத்துவம், 'பி.பி.' காவல், 'பி.எக்ஸ்.' என்றால் பொது. யாரிடம் போக வேண்டும் என்பதை அந்தக் குறியைக் கொண்டு முடிவு செய்யலாம்.

ஒருங்கிணைப்பாளர் கட்டணம் வாங்குவார். எஃப்.சி.சி.யின் விண்ணப்பக் கட்டணத்திலிருந்து அரசு அமைப்புகளுக்கும், இந்தப் பாதுகாப்புச் சேவைகளில் உரிமம் கேட்கும் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் விலக்கு உண்டு. பொருளாளரிடம் இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். 'அரசாங்கக் கட்டணம் இல்லை என்றீர்களே, இந்த பில் எப்படி வந்தது?' என்ற கேள்வி எனக்கு வந்தது.

விண்ணப்பம் படிவம் 601. முதன்மைப் படிவத்தோடு, இருப்பிட விவரத்துக்கு டி அட்டவணையும் தொழில்நுட்ப விவரத்துக்கு எச் அட்டவணையும் சேரும். பெரும்பாலும் ஒருங்கிணைப்பாளரே மின்வழியில் தாக்கல் செய்துவிடுவார். நீங்கள் சரிபார்க்க வேண்டியது ரேடியோக்களின் எண்ணிக்கை, இயங்கும் பகுதி, உமிழ்வுக் குறியீடு ஆகியவற்றைத்தான். கனடா எல்லைக்கு அருகில் இருந்தால் அந்நாட்டோடு ஒருங்கிணைக்கும் சுற்று ஒன்று கூடுதலாக வரும், பொறுமை வேண்டும்.

உரிமம் வந்ததும் கொண்டாடிவிட்டு மறந்துவிடாதீர்கள். 12 மாதங்களுக்குள் ரேடியோவைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்துவிட்டோம் என்று, அந்தக் கெடு முடிந்து 15 நாட்களுக்குள் எஃப்.சி.சி.க்குத் தெரிவிக்கவும் வேண்டும். விட்டுவிட்டால் உரிமம் ரத்தாகிவிடும்.

தனி உரிமம் கேட்காத சேனல்கள்

நாடு முழுவதற்கும் பொதுவான கூட்டுச் சேனல்கள் சில உண்டு. 155.7525 மெகாஹெர்ட்ஸில் வி-கால் 10, 453.2125இல் யூ-கால் 40, இவற்றோடு வி-டாக், யூ-டாக் வரிசைகள். பகுதி 90 உரிமம் வைத்திருக்கும், பொதுப் பாதுகாப்புத் தகுதியுள்ள எந்த அமைப்பும் கையடக்க ரேடியோவிலும் வண்டி ரேடியோவிலும் இவற்றைத் தனி உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். நிலையான தளம் வைக்கத்தான் தனி உரிமம். அழைப்புச் சேனல்களில் மறையாக்கம் கூடாது.

'பகுதி 90 உரிமம் வைத்திருக்கும்' என்ற சொற்களைக் கவனியுங்கள். ஒண்டுக்குடித்தனக்காரருக்குத் தன் பெயரில் உரிமம் எதுவும் இருக்காது. நான் சொந்த வீட்டின் பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் நிபந்தனைகள் இருக்கலாம் என்பதால், மாநிலக் கூட்டியக்க ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 'ஸ்விக்' என்று அழைப்பார்கள்.

மத்திய அரசுத் துறைகள் வந்தால்

தேசியப் பூங்காக் காவலர்களோடோ கடலோரக் காவல்படையோடோ சேர்ந்து பணியாற்றும் குழுக்களுக்கு மட்டும் இது. மத்தியத் துறைகளின் அலைவரிசைகளை எஃப்.சி.சி. ஆள்வதில்லை, என்.டி.ஐ.ஏ. என்ற வேறு அமைப்பு ஆள்கிறது. பொதுப் பாதுகாப்பு உரிமக்காரர் மத்தியத் துறைக்குத் தன் நிலையத்தைச் செலவுப் பகிர்வில் திறந்துவிட 90.179 இடம் தருகிறது. அதே எழுத்து ஒப்பந்தம்தான், கூடவே விதி 2.103இன் நிபந்தனைகளும் பொருந்தும். அதில் முக்கியமானது, 'இந்தப் பயன்பாடு தேவை' என்று உரிமக்காரர் எழுத்தில் சான்றளித்து அந்த மத்தியத் துறையிடம் தர வேண்டும் என்பது. நீங்கள் அவர்களுடைய அலைவரிசைக்குப் போவதானால் சான்றளிக்க வேண்டியவர்கள் அவர்கள். இதற்கு மட்டும் ஸ்விக் துணை இல்லாமல் இறங்காதீர்கள்.

ரேடியோவில் ஏற்றும் நாள்

உரிமம் இல்லாத அலைவரிசையை டிரான்ஸ்மிட்டரில் நிரல்படுத்துவதையே விதி 90.427 தடுக்கிறது. பேசியிருக்க வேண்டும் என்றில்லை, ஏற்றி வைத்திருந்தாலே தவறு. அதனால் நல்ல ரேடியோ கடைக்காரர் முதலில் கடிதத்தைத்தான் கேட்பார். கேட்காமல் ஏற்றித் தருபவரிடம் போகாதீர்கள். காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை என்றால், கேட்க மட்டும் முடிகிற மாதிரி ஏற்றித் தரச் சொல்லுங்கள். ரேடியோவும் பகுதி 90 சான்று பெற்றதாக இருக்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி டாக்கிகளில் பல அந்தச் சான்று இல்லாதவை.

ஏற்றிய பிறகு, அழைப்பு மையத்தில் இருந்து வண்டிகளை அனுப்பும் டிஸ்பேட்சரிடம் சொல்லிவிட்டு ஒவ்வொரு ரேடியோவாகச் சோதித்துப் பாருங்கள். எங்கள் பதினெட்டில் இரண்டு தவறான டோனோடு வந்திருந்தன. மேசையில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தன. ரிப்பீட்டரை எழுப்பச் சொன்னபோதுதான் அந்த இரண்டும் ஊமையாகிப் போயின.

கோப்பு

ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே உரிமம் செத்துப்போவது உண்டு. நாங்கள் பகிர்ந்துகொண்ட இன்னொரு அமைப்பின் உரிமம் காலாவதியாகிப் பல வாரங்கள் ஆகியிருந்தன, அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. யூ.எல்.எஸ்.ஸில் தொடர்புக்குக் கொடுத்திருந்த மின்னஞ்சல், எப்போதோ ஓய்வுபெற்றவருடையது. அவர்கள் உரிமம் போனதும் எங்கள் உரிமையும் போனது. ஆறு ரேடியோக்களில் அந்தச் சேனலை அழித்து, பிறகு திரும்ப ஏற்றினோம்.

இப்போது அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். நாங்கள் பேசும் ஒவ்வொரு அழைப்புக் குறியும், யாருடையது என்பதும், முடியும் தேதியும் அதில் இருக்கின்றன. புதுப்பிக்கும் விண்ணப்பம் காலாவதிக்கு 90 நாட்களுக்கு முன்னால்தான் திறக்கும். அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். தொடர்பு மின்னஞ்சல் இப்போது குழுவின் பொதுப் பெட்டி, அதை மூன்று பேர் திறக்க முடியும். பழுப்பு உறையில் இருந்த முன்னாள் சீஃபின் மின்னஞ்சலைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கோப்பின் கடைசிப் பக்கமாக வைத்து, மேலே 'செல்லாது' என்று எழுதியிருக்கிறேன்.